கொல்லி மின்னலின் மகள்

நாமக்கல்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி ஜீவாவுக்கு,

மலர்விழி அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்களும் கோழிகளும் குதிரைகளும் நலம். நீ மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் கையால் எழுதினால்தான் நம்புவேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால் அயோத்தியாப்பட்டணம் போய் உன் கூடப்பிறந்த அக்கா தமிழ்ச்செல்வியிடம் விலாசம் வாங்கி வந்தேன். "எங்ககிட்டயும் ரெண்டு வார்த்தைதானுங்க பேசறான்" என்று வருத்தப்பட்டாள். மஸ்கட்டில் தினமும் காலையில் குதிரைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறாயாம். பந்தயத்தில் மட்டும் ஏறுவதில்லையாம்.

நீ முதலில் தேடுவது நம் குதிரை கொல்லி மின்னலின் சேதியாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கிறாள். முன்னங்கால் கூடிவிட்டது, லேசாகத் தாங்கி நடக்கிறாள். அதட்டல் மட்டும் குறையவில்லை. தீவனத் தொட்டியில் அவள் வாய் வைத்த பிறகுதான் மற்ற குதிரைகள் கிட்டே வரும்.

ஏலத்தில் அவளை ஒருவரும் கேட்கவில்லை, நினைவிருக்கிறதா? குட்டையாக இருக்கிறாள் என்று ஒதுக்கினார்கள். முட்டை விற்ற பணத்தில் என் வீட்டுக்காரர் வாங்கியபோது, கோழிப்பண்ணைக்காரருக்குக் குதிரை எதற்கு என்று சிரித்தார்கள். ஊட்டியில் முதல் பந்தயத்தில் கடைசியாகக் கிளம்பி முதலாவதாக அவளைக் கொண்டுவந்தாய். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பெங்களூரில் அவள் கோப்பை வாங்கியபோதெல்லாம் முதுகில் நீதான் இருந்தாய். சாட்டையை ஒருநாளும் ஓங்கியதில்லை.

அந்த மைசூர்ப் பந்தயத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தவளைக் கடைசித் திருப்பத்தில் நீ இழுத்துப் பிடித்தாய். குதித்து இறங்கி, அடிபட்ட அந்த முன்னங்காலைத் தரையில் ஊன்ற விடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாய். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால், "காசு வாங்கிட்டுத்தானே இழுத்துப் புடிச்ச" என்று கேட்டார். டாக்டர் வரும்வரை நீ அந்தக் காலை விடவில்லை. விசாரணையில் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார்கள். இன்னும் கொஞ்சதூரம் ஓடியிருந்தால் அங்கேயே அவளுக்கு ஊசி போட்டு முடித்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னபோது, நீ ஊரைவிட்டே போய்விட்டிருந்தாய்.

கால் கூடியதும் மின்னலைப் பூனாப் பக்கம் ஒரு பொலிகுதிரையிடம் அனுப்பினோம். முதல் குட்டி ஆண். ஹைதராபாத்தில் சின்னச் சின்னப் பந்தயங்களில் ஜெயித்து மரியாதையாக ஓடிக்கொண்டிருக்கிறான். இரண்டாவதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெண் குட்டி. கோடை மழை கொட்டிய அன்று பிறந்ததால் சித்திரை மழை என்று பெயர் வைத்தோம். அம்மாவைப் போலக் குட்டை, அதே செம்பழுப்பு. முட்டை லாரிகளின் ஹாரனைக் கேட்டே வளர்ந்தவள், கூட்டம் போடும் கூச்சலுக்கு மிரள மாட்டாள். பெங்களூரில் நம் சின்னுசாமிதான் பயிற்சி கொடுக்கிறார். இப்படி ஒரு கால்வீச்சை மின்னலுக்கு அப்புறம் பார்க்கவில்லை என்கிறார். ஆனால் ஓடிய இரண்டு பந்தயத்திலும் தோற்றுவிட்டாள். கடைசி நேரத்தில் ஜாக்கி சாட்டையை வீசியதும் கோபித்துக்கொண்டு வெளிப்பக்கம் விலகிவிட்டாள். நல்ல ஜாக்கிகள்தான், குறை சொல்ல மாட்டேன். அவளுக்குக் கையால் பேசுகிறவன் வேண்டும். அது யார் என்று சின்னுசாமிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

போன வாரம் டிவியில் சித்திரை மழை தோற்ற இரண்டாவது பந்தயத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். முடிந்த பிறகும் இவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஜீவா இப்ப எத்தன கிலோ இருப்பான்?" என்றார். இத்தனை வருஷத்தில் உன் பெயரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீங்களே கேளுங்க" என்றேன். எழுந்து மின்னலிடம் போய்விட்டார். மறுநாள் சின்னுசாமி போன் செய்து, கார்த்திகைப் பந்தயத்துக்கு வேறு ஜாக்கி யாரையும் சொல்லி வைக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாரே, என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார்.

அவரை எனக்குத் தெரியும் தம்பி. கோழிக்குச் சீக்கு வந்தால் விடிய விடிய பண்ணையில் நிற்பார். ஒரு மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வாய் வராது. அவருக்காக நான் அந்த வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. அது அவர் பாடு.

லீவு சொல்லிவிட்டு வா. ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம். முதலில் மழையைப் பார், அவளும் உன்னைப் பார்க்கட்டும். மூச்சு விடுவதே மின்னல் மாதிரிதான். நீ ஏறினால் அவள் ஜெயிப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடை ஏறிவிடும் என்று பயப்படாதே, கறிக்குழம்பை நீ ஜெயித்த பிறகே வைக்கிறேன்.

நாமக்கல் ஆஞ்சநேயர் உன் கைகால்களைக் காக்கட்டும், சாமி. டிக்கெட் போட்டதும் நாளைச் சொல்லு. கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு அவரே வருவாராம். டிரைவர் எங்கே என்று கேட்டதற்கு லீவு என்கிறார். டிரைவர் லீவில் இல்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா,
மலர்விழி நவநீதகிருஷ்ணன்.