திரை அணையமுன்

செப். 9, திங்கள்

விடியவே கச்சான் காற்று. முற்றம் கூட்டியது வீண். கொடியில் துணி நிற்கவில்லை. க்ளிப் வாங்க வேண்டும்.

இவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன் செய்து இன்றோடு ஒரு கிழமை. வருசக்கணக்காகக் கரையில் மீன் ஏலம் கூறிக் கூறி வந்த கட்டி. எடுத்தாயிற்று. ஆனால் அடுத்த கிளினிக் வரை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது. மீறினால் பழைய குரல் திரும்பாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஏலம் கூறுகிறவருக்குக் குரல் போனால் மிச்சம் என்ன? அதனால் எல்லாம் போனில்தான். அவர் எழுதிக் காட்டுவார், நான் வாசிப்பேன்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு இந்தக் கிழமை பிடித்திருக்கிறது. எழுத்தில் இவர் வேறு மனுசன். குசினிக்கு வந்து காட்டினார்: "புளி கொஞ்சம் கூட. ஆனா நல்லாயிருக்கு." வாயால் என்றால் புளியோடு நின்றிருக்கும்.

இன்றைக்கு மட்டும் சண்டை. இவர் போனை நீட்ட, நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட, திரை இருட்டு. இரண்டு தரம் அப்படியே. கோபம் வந்தால் பாதிக் கதையில் முகத்தைத் திருப்புவது இவருடைய பழக்கம். அதே குணத்தில்தான் போனையும் அணைக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "கோவமெண்டா கோவமெண்டு எழுதுங்க, இப்பிடி மூஞ்சியில அடிச்ச மாதிரி போனை நூக்காதீங்க" என்றேன். அவர் திரும்ப இலக்கம் அடித்துத் திறந்தார். (ஐஸிலும் உப்பிலும் கிடந்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது. போனுக்கு இவரை அடையாளம் தெரியாது.) நீட்டினார். திரும்பவும் இருட்டு. மனுசனுக்கு வாய் திறந்துவிட்டது. ஓடிப்போய்க் கையால் பொத்தினேன். வெங்காயம் வெட்டிய கை. இருவருக்கும் கண்ணீர்.

செப். 10, செவ்வாய்

இவர் அணைக்கவில்லை. பாவம். ஞாயிறு போன் தானே ஏதோ புதுப்பித்துக்கொண்டதாம். அதற்குப் பிறகுதான் இந்த அவசரம். முந்தி நான் கண்ணாடி போட்டு, துடைத்து, இன்னொரு தரம் போட்டு வாசிக்கும் வரை திரை பொறுமையாக இருந்தது.

செய்து பார்த்தது:
– செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, திரை அணையும் நேரம். முப்பது செக்கன் என்று இருந்தது. பத்து நிமிடமாக்கினேன். பெருமையாக இருந்தது.
– தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி முப்பது.
– போனை நிறுத்தித் திரும்பப் போட்டேன். முப்பது.
– வாசிக்கும்போது விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன். எழுதியது அழிந்தது. இவர் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

மத்தியானம் மூதூரிலிருந்து அக்கா வந்தாள், எனக்கு ஒத்தாசைக்கு. கொண்டு வந்தது: இறால் கருவாடு, மோர் மிளகாய், ஊர்ப் புதினம் முழுக்க. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளின் மகள் கலியாணம் வரை சொல்லி முடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

வேலியோரக் கீரையை ஊருக்குள் திரிகிற மான் தின்றுவிட்டது.

செப். 11, புதன்

வெயில். இவரோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போன் கடைக்கு. அங்கிருந்த பெண் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். பற்றரியை மிச்சம் பிடிக்கிற சேவிங் ஓனில் கிடக்கிறதாம். அது இருக்கும் வரை நான் என்ன நேரம் வைத்தாலும் போன் முப்பதுக்கே இழுத்துவிடுமாம். புதுப்பித்து முடிந்ததும் போன் கேட்டிருக்கும், யாரோ ஓம் கொடுத்திருக்கிறீர்கள் என்றாள். இவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு எழுதிக் காட்டினார்: "அது கேட்டிது. ஏலத்தில நிக்கிற ஞாபகம். மூண்டு தரத்துக்குள்ள சொல்லோணுமெண்டு எல்லாத்துக்கும் ஓம் அமத்திட்டன்."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். இவரும், சத்தமில்லாமல், தோள் குலுங்க.

சேவிங்கை அணைத்தாயிற்று. பத்து நிமிடம் நின்று எரிகிறது. வரும் வழியில் க்ளிப், பாண், தேசிக்காய். கடல் காற்று முகத்தில் அடிக்க நடந்தோம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

செப். 12, வியாழன்

குறை வந்தது.

காலைச் சாப்பாடு முடிந்து நான் கோப்பை கழுவ எழும்பினேன். இவர் எழுதி எனக்குக் காட்டிவிட்டுப் போனை மேசையில் வைத்தார். முந்தாநாள் என்றால் முப்பது செக்கனில் இருண்டிருக்கும். இன்றைக்கு எரிந்துகொண்டே கிடந்தது. அக்கா மேசை துடைக்க வந்தாள். அவளுக்குத் தூரப் பார்வை நல்ல துல்லியம், கிட்டத்தில்தான் தெரியாது. நின்ற இடத்திலிருந்தே வாசித்துவிட்டாள்.

"உன்ட அக்கா எப்ப பஸ் ஏறுவா? நான் மூடின வாய்க்கும் சேத்து அவ கதைக்கிறா."

அக்கா துணியை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் பையை அடுக்கத் தொடங்கினாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் பேசாமல் இருந்து நான் கண்டதே இல்லை. எனக்கு இவர் மேல் கோபம், வாசித்ததும் எனக்கும் சிரிப்பு வந்ததை நினைக்க என் மேல் கூடக் கோபம்.

நாளைக் காலைப் பஸ்ஸுக்கென்று பையை அறை வாசலில் வைத்தாள்.

செப். 13, வெள்ளி

அக்கா பையோடு வாசலுக்கு வந்தாள். இவர் ஓடிப்போய் முன்னால் நின்றார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து. இத்தனை நாள் காத்த குரல்.

அக்காதான் கையை உயர்த்தினாள். "வாயத் திறக்காதீங்க. எனக்காகக் குரலக் கெடுத்த பழி எனக்கு வேண்டாம். எழுதுங்க."

எழுதினார். வெகு நேரம். அக்கா வாங்கினாள், கிட்டத்தில் தெரியவில்லை, என் கண்ணாடியைக் கேட்டாள். கண்ணாடி குசினியில், அரிசிப் பானை மூடியில் கிடந்தது. நான் போய் எடுத்து வந்து, அவள் போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும் வரை திரை எரிந்தது.

"கதைக்க ஏலாதவனுக்குக் கதைக்கிற ஆக்களைக் கண்டா எரிச்சல் அக்கா. குரல் வராதோ எண்டு பயமாக் கிடக்கு. இவளுக்குச் சொல்லேல்ல. மன்னிச்சுக் கொள்ளுங்க."

எனக்குச் சொல்லவில்லைதான். இத்தனை நாளும் நான் இந்த அமைதியை ரசித்துக்கொண்டிருந்தேன். மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "கிளினிக் வரைக்கும் நிக்கிறன். அதுக்குப் பிறகு மூதூர் பஸ்." பை வாசலிலேயே இருந்தது. அவிழ்க்கவில்லை.

செப். 16, திங்கள்

காற்று அடங்கியிருக்கிறது. கிளினிக். டொக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுப் புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். குரல் வரும். ஏலத்துக்குப் பொறுக்க வேண்டும். இந்தக் கிழமை மெதுவாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொல், அவ்வளவுதான்.

ஆட்டோவில் இவர் ஒன்றும் பேசவில்லை. முதல் சொல் எனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

வேலிப் படலையில் அக்கா, கையில் பை. இவர் இறங்கி நேரே அவளிடம் போனார்.

"அக்கா, நில்லுங்க."

கரகரத்த, மெல்லிய குரல். ஆனால் இவருடையதுதான். அக்கா பையைப் போட்டுவிட்டு அழுதாள். நானும். பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூதூரில் இதே மாதிரித் தொண்டை ஒப்பரேசன் செய்த ஒருவருடைய கதையைத் தொடங்கினாள். அடுப்பில் பருப்பு வெந்து முடிந்தும் கதை முடியவில்லை.

இவர் கதிரையில் இருந்தபடி எனக்குப் போனை நீட்டினார். முகத்தில் கள்ளச் சிரிப்பு. "தேத்தண்ணி. அதோட உன்ட அக்கா எப்ப—"

மிச்சத்தை வாசிக்கவில்லை. திரையை நானே அணைத்துவிட்டேன்.