கறுவலுக்கு என்ன சத்துக் கொடுப்பது

பண்டத்தரிப்பு
12.10.1979

அன்புள்ள மகள் பத்மாசினிக்கு,

நீயும் மருமகனும் பேரக்குஞ்சும் அந்த நைஜீரியா வெக்கையிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருந்தபடி இருக்கிறோம். மூன்றாவது ஆள் யாரென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அந்த நீலக் கடுதாசியில் இருக்கிற இடமே கொஞ்சம், அதிலும் முக்கால்வாசி கறுவலுக்குப் போய்விட்டது. நாயைப் பெற்றவளா நீ என்று நினைத்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. அதை அப்பாவுக்கு எப்படி வாசித்தேன் என்று பிறகு சொல்கிறேன், முதலில், கறுவலுக்கு என்ன சத்துக் கொடுப்பது என்று நீ கேட்டதற்கு மறுமொழி. அங்கிருந்து சோமசேகரம் மாஸ்டர் லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்டதெல்லாம் பத்திரமாகக் கிடைத்தது, கறுவலுக்கு விற்றமின் குளிசைப் பேணி, அப்பாவுக்குச் சத்துமாப் பேணி. கறுவலுக்குப் பின்னங்கால் இழுபடுகிறது என்று நான் எழுதப்போய்த்தானே இதெல்லாம். அந்தக் குளிசைப் பேணியில் படம் போட்டிருக்கிற நாயின் மயிரைப் பார்த்தால் அது எங்கள் வெயிலில் ஒரு நாள் தாங்காது. நாயின் நிறைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பதாக மாஸ்டர் வாசித்துச் சொன்னார். கறுவலை எந்தத் தராசில் ஏற்றுவது, வெங்காயம் நிறுக்கிற தராசிலா? ஒன்றாவது உள்ளே போகட்டும் என்று பனங்கட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். பனங்கட்டியை நக்கித் தின்றுவிட்டுக் குளிசையை என் காலடியில் துப்பி வைத்தான்.

பிறகு, பக்கத்து வீட்டுச் செல்வநாயகியின் பசுவைப் பார்க்க வந்த மிருக வைத்தியரைப் வாசல் படலையில் மறித்துக் கூட்டிவந்தேன். அவர் கிட்டப் போகவில்லை, அப்பாவின் அறை வாசலில் நின்றபடியே என்ன சாப்பாடு கொடுக்கிறனீங்கள் என்று கேட்டார். புட்டு, பருப்பும் சோறும், தயிர் என்றேன். உதையும் சைவமாக்கிப்போட்டியளோ அம்மா, உதுக்கு மீன்தான் குறை, குளிசையை விட்டிட்டு மீனெண்ணெயும் எலும்புத்தூளும் குடுங்கோ என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கறுவல் எங்கள் வீட்டில்தான் சைவம், சந்தியில் சைவம் இல்லை. மயிலிட்டி மீன்காரர் மத்தியானம் சைக்கிளை நிறுத்தினால் போய்த் தலையும் குடலும் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல வருவான். மாசியில் அப்பா வாதம் வந்து விழுந்த நாள் தொடக்கம் கட்டிலுக்குக் கீழே படுத்தவன் படலையைத் தாண்டவில்லை. இவரைக் காவல் காத்தே அவனுக்குக் கால் போயிருக்கிறது.

எலும்புத்தூளைத் தொட எனக்குக் கை வரவில்லை, அதைப் பற்றி மேற்கொண்டு கேட்காதே. மீனெண்ணெய்தான் எடுப்பித்தேன். எங்கள் வளவுக்குள் மீன் என்று ஒன்று வந்ததில்லை, அதனால் போத்தலை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்து, சிரட்டையில் ஊற்றிக்கொண்டு வா வா என்று கூப்பிட்டேன். வரமாட்டான். அறைக்குள் கொண்டுபோகலாமென்றால் கட்டிலுக்கு நேர்மேலே முருகன் படம். கறுவலை அசைக்க முடியவில்லை, முருகனை அசைத்தேன். படத்தைக் கழற்றி மற்ற அறையில் மாட்டி, பொறுத்துக்கொள் அப்பனே என்று கும்பிட்டுவிட்டு வந்து ஊற்றினேன். கறுவல் சிரட்டையையும் தின்னப் பார்த்தான்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். அப்பாவின் கட்டிலுக்குக் கிட்ட என்னைத் தவிர ஒரு சீவனையும் அவன் விடுகிறானில்லை. நீங்கள் ஒருக்கால் கோயிலுக்குப் போயிட்டு வாங்கோ அக்கா, அண்ணையை நான் பாக்கிறன் என்று செல்வநாயகி வந்து இருந்தாள். நான் படலையைத் திறக்க முந்தி உறுமல் கேட்டது, ஓடிவந்து பார்த்தால் அவள் கதிரையில் ஏறி நிற்கிறாள். அவனைக் கொட்டிலில் கட்டினால் ஊளையிடுகிறான், அதைக் கேட்டு அப்பா அழுகிறார். நல்லூர்த் தேர் போய்விட்டது, தங்கச்சி குணலட்சுமியின் மகளின் கலியாணமும் போய்விட்டது. கிணற்றடி, குசினி, அறை, திரும்பவும் கிணற்றடி. சிலவேளை தண்ணீர் அள்ளுகிற சாட்டில் வேலிக்கு மேலால் தெரிகிற பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், உடனே உள்ளேயிருந்து ஒருவர் கூப்பிடுவார், மற்றவன் குரைப்பான். எனக்கு மூச்சு முட்டுகிறது பிள்ளை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யாருக்குச் சொல்வேன்.

இப்படி இருக்கையில் கறுவல் தேறினான். மயிர் மினுங்கியது, விலா மறைந்தது, பின்னங்காலை ஊன்றி எழும்பினான். எல்லாம் மீனெண்ணெயின் வேலை என்று செல்வநாயகிக்குப் பெருமை பேசினேன். அப்பாவும் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன், சாப்பாட்டுப் பீங்கான் கழுவினதுபோல வெறுமையாக வரும், சத்துமாவும் கெதியாகக் குறைந்தது. ஆனால் அவருடைய தோள் எலும்பு துருத்துகிறது, உடுத்த சாரம் இடுப்பில் நிற்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு முந்தின கிழமை வாளிக்கயிறு அறுந்து வெறுங்கையோடு கிணற்றடியிலிருந்து திரும்பிவந்தேன். அப்பா நல்ல கையால் பீங்கானைக் கட்டில் ஓரத்தில் சரித்துப் பிடித்திருக்கிறார், கறுவல் சோற்றை நக்கிக்கொண்டிருக்கிறான், கரைத்து வைத்த சத்துமாவும் முடிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில், உமக்கென்ன விசரோ என்று கத்தினேன். அவர் கோணின வாயால் மெல்ல மெல்லச் சொன்னார், விளங்க நேரம் எடுத்தது. பிள்ளை ஒவ்வொரு கடுதாசியிலும் கறுவலைத்தானே கேக்கிறாள், அவன் உயிரோடை இருந்தாத்தான் பாக்க வருவாள், என்னைப் பாக்க ஆர் வரப்போகினம் என்றார். நீ அப்பாவைக் கேட்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுகிறாய்தான்.

அதனால் வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தை முதலில் எனக்குள் வாசித்தேன், பிறகு கட்டிலடியில் இருந்து அவருக்கு வாசித்தேன். கறுவல் என்று வந்த இடமெல்லாம் அப்பா என்று போட்டேன். அப்பா வயிறு நிறையச் சாப்பிடுகிறாரா, இப்போது காலை ஊன்ற முடிகிறதா, மழை தொடங்கினால் குளிருமே, நன்றாகப் போர்த்துவிடுங்கள், அப்பா படலையில் நின்று என்னைப் பார்ப்பதாகக் கனவு கண்டேன். எல்லாம் பொருந்தி வந்தது பிள்ளை, காதில் உண்ணி பார்க்கச் சொன்ன இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். இன்னொருக்கால் வாசி என்றார். வாசித்தேன். பிறகு தானாகக் கஞ்சி கேட்டார். கறுவல் நாக்கை நீட்டிக்கொண்டு பார்த்திருக்க, கோப்பை முழுவதையும் குடித்தார்.

இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதை வாசிக்க வேண்டும், வாசிக்காமல் வாய் திறக்கமாட்டார். அவருக்குக் கண் மங்கலானபடியால் நான் தப்புகிறேன். கடிதத்தை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். சோமசேகரம் மாஸ்டர் அங்கே திரும்ப முந்திப் பயணம் சொல்ல வருவார், அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? ஆகையால் என்ன சத்துக் கொடுப்பது என்று நீ கேட்டதற்கு மறுமொழி இதுதான். கறுவலுக்கு மீனெண்ணெய் போதும், குளிசை அனுப்ப வேண்டாம். அப்பாவுக்கு ஒரு கடிதம் அனுப்பு. மருமகனின் ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது என்பது எனக்குத் தெரியும், வர முடியாவிட்டால் முடியாது என்றே எழுது. ஆனால் நான் வாசித்ததெல்லாம் அதில் இருக்கட்டும். கறுவலைக் கேட்க வேண்டுமென்றால் வேறொரு துண்டில் எனக்குத் தனியாக எழுது.

பேரக்குஞ்சுக்கு அம்மம்மாவின் கொஞ்சல். மருமகனை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல். மூவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறந்துபோக வேண்டாம், எனக்கு எழுதுகிற அந்தத் துண்டில் இடம் மிஞ்சினால், நான் சாப்பிட்டேனா என்றும் ஒருக்கால் கேள்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ப. நாகேஸ்வரி