கடிதத்தோடு வந்த பான்கேக்

இரும்புலியூர்
12.7.92, ஞாயிறு

வசுவின் அப்பாவுக்கு,

வசுவுக்குச் செய்து கொடு என்று அமெரிக்காவிலிருந்து நீங்கள் அனுப்பிய பழ பான்கேக் குறிப்பு வந்தது. ஞாயிறு தவறாமல் சாப்பிடுகிறீர்களாம். சந்தோஷம்.

முட்டையின் வெள்ளையைத் தனியாக எடுத்து நுரைக்க அடித்தால்தான் பஞ்சு மாதிரி வருமாம். போன வருஷம் வசுவின் பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறது என்று, குழந்தை கண்ணெதிரே அதைக் குப்பையில் போட்டவர் நீங்கள்.

முட்டை வாங்கப் போனேன். "இன்னாம்மா, உங்க வூட்ல முட்டையா?" என்றாள் கடைக்காரி கங்கம்மா. "அவர்தான் எழுதியிருக்கார்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன்.

மோர் கடையும் மத்தால் வெள்ளையைக் கடைந்தேன். மைதா, பால், சர்க்கரையோடு பூவன்பழத்தை நறுக்கிப் போட்டு, உங்கள் அம்மா கண்மூடும்வரை முட்டை வாடைகூடப் படாமல் மடியாக வைத்திருந்த தோசைக்கல்லில்தான் ஊற்றினேன். நன்றாகவே உப்பி வந்தது.

"அப்பாவுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே, இதை எப்போ கத்துண்டார்?" என்று வசு கேட்டாள். இன்னொன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

குறிப்பு உங்கள் கையெழுத்தில் இல்லை. ஆங்கில 'ஐ'க்கு மேல் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் போடுகிறவள் யாரென்று கேட்கப் போவதில்லை. டிசம்பரிலும் லீவு கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கேட்கப் போவதில்லை.

குறிப்பின் தலையில் 'இரண்டு பேருக்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. அளவு சரியாகத்தான் இருந்தது. இங்கேயும் இனி இரண்டு பேர்தான்.

இப்படிக்கு,
வசுவின் அம்மா