மேனேஜருக்கு வெயில் படவில்லை, அக்கா

என் அன்பு அக்காவுக்கு,

மேனேஜர் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

உன் இகுவானாவின் பெயரை நான் மாற்றவில்லை. “உக்காந்த எடத்துலயே தலய ஆட்டிகினு கீது பாரு, அப்படியே எங்க லைன் மேனேஜர்” என்று நீ சொல்ல, உன் செல்போன் கம்பெனித் தோழிகள் எல்லாரும் சிரித்தார்கள். கூட வேலை செய்தவர்கள் தங்கம் வாங்கினார்கள். நீ பச்சைப் பல்லி ஒன்றை வாங்கி, அதற்கு அரசாங்கப் பதிவும் செய்து வைத்தாய். உன்னை என்னவென்று சொல்வது?

நீ காய்ச்சலில் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. ஒரகடத்தில் நாம் இருந்த அறையை நான் இன்னும் காலி செய்யவில்லை. முடியவில்லை என்பதுதான் சரி. நான்கடிப் பல்லியோடு வருகிறவனுக்கு எந்த வீட்டுக்காரர் வீடு கொடுப்பார்? ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கக்கூட வழியில்லை. வாலாஜாபாத்திலிருந்து அம்மா வாரா வாரம் போன் செய்கிறாள்.

“இன்னாடா, இன்னும் அந்த உடும்ப வச்சினு கீறியா? பிள்ளைப்பாக்கம் ஏரில வுட்டுட்டு வூட்டுக்கு வந்து சேருடா.”

“உடும்பு இல்லம்மா, இது வெளிநாட்டு ஜீவன். ஏரில வுட்டா ஒண்ணு அது சாவும், இல்ல கரைல கீற செடிய எல்லாம் மொட்டையடிச்சிடும். அப்படில்லாம் வுடவும் கூடாது.”

“அப்ப நீ எப்பதான்டா வருவ?”

“பாக்கலாம்மா” என்று போனை வைத்துவிடுவேன்.

உனக்கு செகண்ட் ஷிப்ட். தினமும் காலை பத்து மணிக்கு அதை மாடிக்குத் தூக்கிப் போய், பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் விட்டு உட்கார்ந்திருப்பாய். எனக்கோ ஐந்தரைக்கே கம்பெனி பஸ். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தது, அக்கா. நீ இல்லாத மாடிக்கு ஏறப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். எங்கள் கம்பெனியில் கீறல் விழுந்து ரிஜெக்ட் ஆன கார் கதவுக் கண்ணாடிகளை கேட் பாஸ் வாங்கி எடுத்து வந்து, மரச்சட்டம் அடித்து, ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய பெட்டி செய்தேன். சூரியனே வீட்டுக்குள் வருகிறதே, விளக்கு எதற்கு என்று உன் பழைய கூண்டின் டியூபைக் கழற்றி வைத்தேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்ந்தது. போட்டோ எடுத்து லைனில் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

போன மாதம் அதன் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்து, போகப்போக வளைந்தது. முருங்கைக்கீரையை மெல்ல முடியாமல் கீழே போட்டது. தாடையைத் தொட்டால் ரப்பர் போல அமுங்கியது. அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் ஏறி, இந்த மாதிரி உயிர்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் சென்னைக்குக் கொண்டு போனேன்.

“தெனமும் மூணு மணி நேரம் வெயில்லதான் கீது டாக்டர்” என்று போட்டோவைக் காட்டினேன்.

“கண்ணாடிக்குப் பின்னாலயா?”

“ஆமா. நானே செஞ்சது. எங்க கம்பெனி கண்ணாடி.”

“எலும்புக்கு வேண்டிய கதிரு சாதா கண்ணாடிலயே உள்ள வராது தம்பி. சூடு மட்டும்தான் வரும். கம்பெனில உங்களுக்கு என்ன வேலை?”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, தடுத்தால் ஸ்டிக்கர் ஒட்டுவதுதானே என் வேலை? மூன்று வருஷமாக அதைத்தானே செய்கிறேன்? அந்தக் கண்ணாடிகளில் கீறல்தான் குறை. கதிரைத் தடுப்பதில் ஒரு குறையும் இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. கால் நடுங்குவதைப் பார்த்த பிறகும் பதினொரு நாள் நான் டாக்டரைத் தேடவில்லை. செத்துப்போனால் அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவிடம் போய்விடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், அக்கா. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பத்து வருஷம்கூட இருக்கும் என்று டாக்டர் சொன்னபோதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது.

“கால் நேராயிடுமா?” என்று கேட்டேன்.

“வளைஞ்சது வளைஞ்சதுதான் தம்பி. இனிமே வளையாம பாத்துக்கலாம்” என்றார்.

இப்போது தினமும் சுண்ணாம்புச் சத்து மருந்து கொடுக்கிறேன். அந்தக் கதிரைத் தரும் புது டியூப் மாட்டியிருக்கிறேன். வெளிச்சம் இருந்தாலும் அதில் சத்து தீர்ந்துவிடுமாம். அதனால் டாக்டர் சொன்ன கெடுவில் மாற்றிவிட வேண்டும். சூப்பர்வைசரிடம் கெஞ்சி செகண்ட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். கம்பி வலையில் ஒரு கூண்டு செய்து, பாதிக்குச் சாக்கு போட்டு, நேற்று முதல்முறையாக மாடிக்குத் தூக்கிப் போனேன். துணி காயப்போட நீ கட்டிய கொடி அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் அழுதேன்.

அரை மணி நேரம் மேனேஜர் அசையவில்லை. பிறகு கழுத்தை நீட்டி, என் கையிலிருந்த செம்பருத்திப் பூவைக் கவ்வியது. கோணல் தாடையால் மென்றதில் பாதி கீழே விழுந்தது. மீதியைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கழுத்தை நீட்டியது. அந்தப் பதினொரு நாள் நான் என்ன நினைத்தேன் என்று அதற்குத் தெரியாது. யாருக்காவது தெரிய வேண்டும் என்றுதான் உனக்கு எழுதுகிறேன்.

ஆசையாக வளர்க்கிறேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆசை வராத நாளிலும் அதை வெயிலுக்குத் தூக்கிப் போவேன். இது சத்தியம்.

உன்னிடம் நன்றாக ஒரு குட்டு வாங்க வேண்டிய
உன் தம்பி,
பாஸ்கர்