குளியல் பெஞ்சும் கழற்றிய தாழ்ப்பாளும்

செப்டம்பர் 10, புதன்

குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கியது. நானும் அதோடு போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டதால் அடி இல்லை.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து இடது கால் மடங்குவதில்லை; வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டியிருக்கிற திட்டை என்னால் தாண்ட முடியாது. என் வீட்டுக்காரர்தான் தூக்கித் தாண்டவைத்து, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போவார். நான் எட்டித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நானே ஊற்றிக்கொள்வேன். ஒரு நாளில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். "உள்ள விழுந்து கெடந்தா யாரு தெறக்கறது?" என்கிறார். பயந்துவிட்டார், புரிகிறது. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

செப்டம்பர் 13, சனி

உட்கார்ந்து குளிக்க வழுக்காத நாற்காலி வாங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அவரைப் பார்த்து, "பேஷன்ட் எவ்ளோ வெயிட் சார்? தானா ஒக்காருவாங்களா?" என்றார். அவரும் பதில் சொல்லிக்கொண்டே போகிறார்! நான் என்ன, அரிசி மூட்டையா?

"பேஷன்ட் இங்கதான் இருக்கா. வாய் நல்லா இருக்கு, என்னைக் கேளுங்க" என்றேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கிறதுக்கு இதில் என்ன இருக்கிறது?

சக்கர நாற்காலி ஒன்று காட்டினார். திட்டின்மேல் சக்கரம் எப்படி ஏறும்? அப்புறம் முதுகுச் சாய்வே இல்லாத ஒரு ஸ்டூல். வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஆட்டோவில் அவர், "உனுக்கு எதுவுமே புடிக்காது" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

சென்னையிலிருந்து இனியா போனில் ஒரு படம் அனுப்பினாள். நீளமான பெஞ்ச். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே. வெளியே உட்கார்ந்து, பலகைமேல் அப்படியே நகர்ந்து உள்ளே போய்விடலாம். திட்டு கீழே கிடக்கட்டும்! யாரும் என்னைத் தூக்க வேண்டாம்.

"முதுகு சாயறது எந்தப் பக்கம்மா வேணும்?" என்று கேட்டாள். என் பெண் மட்டும்தான் கேட்டாள். நல்ல காலை முதலில் உள்ளே வைக்கிற மாதிரி பார்த்துச் சொன்னேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெஞ்ச் வந்தது. அட்டைப்பெட்டியில் குளியல் தொட்டிக்கானது என்று போட்டிருந்ததாம். அவர் என்ன செய்தார்? நம் சிமென்ட் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, இரண்டு காலை அதற்குள் இறக்கிவிட்டார்!

"ரெண்டு கால் தொட்டிக்குள்ள, ரெண்டு வெளியன்னு கரெக்டா வெச்சிருக்கேன், வந்து பாரு."

நான் குளிக்கவா, ஊறவா? வெளிநாட்டுக்காரர்கள் தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக் குளிக்கிறவர்கள், நாம் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறவர்கள் என்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பிடித்துவைத்த தண்ணீர் அத்தனையும் போச்சு. பெஞ்சை எடுத்துத் திட்டுக்குக் குறுக்கே போட்டார்.

உட்கார்ந்து பார்த்தால் என் கால் தரையில் படவில்லை. அவர் உட்கார்ந்து பார்த்து உயரம் வைத்திருக்கிறார். குளிக்கப்போவது யார்?

செப்டம்பர் 22, திங்கள்

உயரத்தைக் குறைத்தாகிவிட்டது. நானே நகர்ந்து போய்க் குளித்தேன். சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் பெஞ்ச் பாதி படுக்கையறையில் நிற்கிறது. குளியலறைக் கதவு மூடாது. படுக்கையறைத் தாழ்ப்பாளோ உச்சியில், வாக்கரை விட்டு நிமிர்ந்து நின்றால்தான் எட்டும். கீழே ஒன்று போடச் சொன்னேன். "தாப்பா பேச்சே எடுக்காத" என்று எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 6, திங்கள், பௌர்ணமி

எழுதினாலாவது இந்த ஆத்திரம் அடங்குமா?

கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் அருணாதேவி, கிரிவலத்துக்கு அக்கம்பக்கத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த வீடு சத்திரம். பைகளெல்லாம் என் படுக்கையறையில்.

அவர்கள் வந்தபோது நான் பெஞ்சில். வாசலில் ஒரு புடவையைத் தொங்கவிட்டிருந்தேன். அதை ஒதுக்கிக்கொண்டு அருணாதேவி பக்கெட் எடுக்க உள்ளேயே வந்துவிட்டாள். பின்னால் இன்னொரு அம்மா, வேடிக்கை பார்க்கிற மாதிரி. நான் ரெண்டு கையாலும் மறைத்துக்கொண்டு வெளியே போ என்கிறேன்.

"இன்னா அண்ணி, நாங்க பாக்காததா? ஒரு சொம்பு ஊத்திக்கினு கெளம்பணும், டைமாவுது."

பாக்காததாவாம்! என் உடம்பைப் பார்க்க இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? கால் போனால் வெட்கமும் போய்விடுமா? தண்ணீர் மொள்ளும் மக்கை எடுத்துச் சுவரில் அடித்தேன். அடித்தது தப்பில்லை. அவளோ, "பாவம், உடம்பு சரியில்ல, அதான் கோவம்" என்று கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள். அவர் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

இதைச் சிரிக்காமல் எழுத முடியவில்லை. கிரிவலம் முடிந்து வந்தவர்களில் அந்த இன்னொரு அம்மா, தன் பையைத் தேடிப் படுக்கையறைக்குப் போயிருக்கிறார். கதவு மூடாத குளியலறையில் என் வீட்டுக்காரர், தலை முழுக்க சோப்பு. போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

துண்டைக் கட்டிக்கொண்டு முகம் சிவக்க வந்து நின்றார். "ஒரு குரல் குடுத்துட்டு வரக்கூடாதா? இன்னா மனுசங்க!"

"நாங்க பாக்காததா?" என்றேன்.

துண்டை இறுக்கிக்கொண்டு சோப்பைக் கழுவப் போய்விட்டார். நேற்று நான் கத்தியபோது உறைக்காதது இன்று அவருக்கு உறைக்கிறது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கழற்றிய தாழ்ப்பாளை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்தார். படுக்கையறைக் கதவோரமாக என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "கை எது வரைக்கும் வருது, காட்டு" என்றார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட என்னிடம் அளவு கேட்டதில்லை. காட்டினேன். அங்கே பென்சிலால் கோடு போட்டார். நான் விழுந்தால் கதவை ஒட்டிய ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறந்துவிடுவாராம். ஜன்னலுக்குத் திரை போட்டு, இரண்டு தடவை கையை விட்டுத் திறந்து பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 5, புதன், பௌர்ணமி

வேன் வந்த சத்தம் கேட்டதும் வாக்கரோடு போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவைத் தட்டினார்கள். தள்ளினார்கள்.

"தாப்பா போட்டிருக்கு. ரேணு குளிக்கிறா. எல்லாம் ஒக்காருங்க" என்று அவர் குரல்.

"எவ்ளோ நேரமாவும்ணா?" இது அருணாதேவி.

"அவ வர்ற வரைக்கும்."

உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வருவதாகத்தான் இருந்தேன். கையை நீட்டிச் சீயக்காய் டப்பாவை எடுத்தேன்.