உன் ஞாயிறு, எங்கள் திங்கள்

மகனே,

"நான் கூப்பிட்டா அம்மா ஏம்ப்பா பேசுறதே இல்ல?" என்று கேட்டாய்.

நீ ஹொனலுலு போனபோது இரண்டு ஊருக்கும் ஒரே ஞாயிறு. பிறகு நம் சமோவா, நாள் மாறும் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்குத் தாண்டி, காலண்டரில் ஒரு வெள்ளிக்கிழமையையே விழுங்கிவிட்டது. வகுப்பில் தேங்காயில் கோடு போட்டுக் காட்டுவேனே, அதே கோடுதான். உன் ஞாயிறு எங்களுக்குத் திங்கள். அன்று அம்மா ஆஸ்பத்திரியில், ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்திருப்பாள். சொல்லும்போதெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்றாய்; கூப்பிடுவது மட்டும் இன்னும் உன் ஞாயிறன்றுதான்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் உனக்கும் ஒரு தட்டு வைத்து, போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள்.

"ஹொனலுலுல காலண்டரே விக்கிறதில்லையாக்கா?" என்று அவள் தங்கை செலா கேட்டாள்.

"அவனுக்கு வேலை இருக்கும்டி."

இன்னும் சில வாரங்கள்தான் என்கிறார் டாக்டர்.

உன் சனிக்கிழமை மதியம் கூப்பிடு.

அப்பா