நடுவழியில் திருப்பிய படகு

இன்று காலை குளிருக்குப் போர்த்தும் ரஜாயை எடுக்கப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் கரோல் பாக் தெருவில் எல்லா மொட்டை மாடிகளிலும் கம்பளிகள் வெயில் காய்கின்றன. பெட்டியைத் திறந்ததும் மேலாக, படகில் நாம் மார்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. உன்னுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே நிறத்தில்தான் வாங்கினோம். உப்பும் பூஞ்சையும் டீசலும் கலந்த அந்த வாடை அறை முழுவதும் பரவியது. கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில், மூன்றாவது மாடியில், அந்த வாடையோடு கட்டில் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு விஷயம் எனக்கு இன்னும் புரியவில்லை. அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் உயிரோடு இருந்தபோது கேட்டதற்கே நீ சரியாகப் பதில் சொல்லவில்லை.

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உன் வீட்டில் தூத்துக்குடித் தமிழ், எங்கள் வீட்டில் கும்பகோணத் தமிழ், வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் ஹிந்தி. பிறகு நீ வானிலை அலுவலகத்துக்குப் போனாய், நான் வானொலியில் செய்தி மொழிபெயர்க்கப் போனேன். கடலே இல்லாத தில்லியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடலின் படங்களைப் பார்ப்பது உன் வேலை. அது போதாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு மும்பை போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாய். என் மகள் வேலைக்காகப் பெங்களூரு போன வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நீச்சலே அந்த வருஷம்தான் கற்றேன்.

சொந்தமாக ஒரு படகு வாங்கி வங்காள விரிகுடாவைத் தாண்டுவது என்று எப்போது முடிவானது என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. மோதி பாக்கில் உன் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் போட்ட சண்டைகள்தான் நினைவில் இருக்கின்றன. இரண்டு உடல்களை நடுவே ஒரு தளத்தால் இணைத்த இரட்டை உடல் படகு வேண்டும் என்பேன் நான். அகலமானது, சாயாது, மேஜையில் வைத்த தேநீர் மேஜையிலேயே இருக்கும். நீ ஒற்றை உடல்தான் என்பாய்.

"ஏட்டி, நீ ஃப்ளாட் பாக்கப் போனவ மாதிரி பேசுத. பால்கனி இருக்கா, கிச்சன் பெருசான்னு. நாம வாங்குதது வீடு இல்ல. நீயும் நானும் களைச்சுப் போய்க் கிடக்கும்போது தன்னத்தானே பாத்துக்கிடுத ஒன்னு."

"சாஞ்சுண்டே போற படகுல எப்படிடி பத்து நாள் இருக்கறது?"

"சாயட்டும். அடியில ஈயக் கனம் இருக்கு. கவுந்தாலும் திரும்ப நிமிரும். உன் ரெட்டைப் படகு கவுந்துதுன்னா கவுந்ததுதான். நடுக்கடல்ல அத யாரு வந்து புரட்டுவா?"

இரண்டு வருஷம் இதையே சொன்னாய். சின்னதாக இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், பாய்கள் நம் இரண்டு பேரின் கைக்கு அடங்க வேண்டும். ஒருவர் மட்டும் விழித்திருந்தாலும் ஓட்டும்படி எல்லாக் கயிறும் சுக்கானுக்குப் பக்கத்தில் வர வேண்டும். நான் தோற்றுப்போனேன். சந்தோஷமாகத்தான் தோற்றேன், ஏனென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது.

பழைய படகுகள் நிறைய விற்பனைக்கு வரும் இடம் என்று மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போனோம். ஒரு வாரம். நீ சின்னச் சுத்தியலால் படகின் உடலைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாய். தண்ணீர் ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாக வரும் என்றாய். தரைப்பலகையைத் தூக்கி மோந்து பார்த்தாய். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளின் வயதைக் கேட்டாய், சுக்கானை ஆட்டிப் பார்த்தாய். கடைசியில் உன் பட்டியலுக்கு அச்சாகப் பொருந்தும் ஒற்றை உடல் படகு ஒன்று கிடைத்தது. அதன் உரிமையாளரிடம் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை அந்தப் பக்கமே நீ திரும்பவில்லை. துறையின் மறுகோடியில் கட்டியிருந்த இரட்டைப் படகின் முன்னால் போய் நின்று, "இதுதான்" என்றாய்.

"என்னடி சொல்றே? ரெண்டு வருஷமா வேண்டாம்னுட்டு."

"உனக்கு இதுதானே பிடிச்சிருக்கு."

"எனக்குப் பிடிச்சா? உனக்கு?"

"நல்ல படகு. நல்லா வச்சிருக்காவ. வாங்குவோம்."

எனக்குக் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. உள்ளே போய்ப் படுக்கையறையைப் பார்த்தேன். நிஜமாகவே வீடு மாதிரி இருந்தது. அப்புறம் நன்றிதான் சொன்னேன்.

ஜனவரியில், வடகிழக்குக் காற்று நிதானமாக இருக்கும் மாதத்தில், லங்காவியிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு ஓட்டினோம். நான்கரை நாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் கொஞ்சம்தான். அப்போதுதான் இந்தப் படகை எப்படி ஓட்ட வேண்டும் என்று பிடித்து வைத்துச் சொன்னாய். "ஒத்தைப் படகு காத்து கூடுனா சாஞ்சு சொல்லும், பாயக் குறைன்னு. இது சொல்லாது, பாத்துக்கோ. நேரா நின்னுகிட்டே இருக்கும், ஒடையுத வரைக்கும். அதனால நீ காத்து மானியப் பாக்கணும். காத்து பதினெட்டு கடல் மைல் வேகம் தொட்டா யோசிக்காத, குறைச்சிரு." நான் குறைத்தேன். நான் தனியாகப் படகை ஓட்ட வேண்டிய என் காவல் நேரத்தில் நீ தூங்கவே இல்லை என்பதையும் கவனித்தேன். வெளியே பெஞ்சிலேயே படுத்து ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாய். என்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இருக்க வேண்டிய அவசியமும் இல்லைதான்.

போர்ட் பிளேரிலிருந்து இலங்கையின் திருகோணமலை. அதுதான் நிஜமான கடப்பு. ஆறேழு நாள், இடையில் நிலமே கிடையாது. இரண்டாம் நாள் காலையில் அந்தத் தவறைச் செய்தேன். காற்று பின்பக்கத்திலிருந்து வரும்போது பெரிய பாயின் அடித்தண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தானாக வீசிவிடாமல் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டி வைப்போம். பாயைக் குறைப்பதற்காக அதை அவிழ்த்தவள் திரும்பக் கட்ட மறந்துவிட்டேன். ஓர் அலை படகைத் திருப்பியது. தண்டு முழு வேகத்தில் உன் தலைக்கு மேலே போய் மறுபக்கம் அறைந்தது. நீ குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்திருந்தால் என்று நினைக்கவே இன்றும் பயமாக இருக்கிறது.

நீ திட்டவில்லை. கயிற்றை நீயே கட்டினாய். உள்ளே போனாய். மூன்று மணி நேரம் கழித்து, நடுப்பகலில், மேலே வந்து கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தாய். வானம் சுத்தமாக இருந்தது. காற்று பதினான்கு.

"திருப்பு" என்றாய்.

"எங்கே?"

"போர்ட் பிளேருக்கு."

"ஏன்டி?"

"திருப்பு பிள்ள. சொல்லுதேன்ல."

திருப்பினேன். அவ்வளவு நேரம் நம்மைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று முகத்துக்கு நேரே வந்தது. ஒன்றரை நாளில் போன தூரத்தைத் திரும்பி வர மூன்று நாள் ஆயிற்று. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

துறைமுகத்தில் இலங்கைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நின்றதைப் பார்த்து அலுவலர், "க்யா ஹுவா மேடம்?" என்று கேட்டார். "எஞ்சின் கராப்" என்று நீ கூசாமல் சொன்னாய். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. படகை அங்கேயே விட்டுவிட்டு, விமான நிலையத்திலிருந்து உன் தம்பியிடம் போனில் பேசும்போது கடல் மோசமாக இருந்தது என்றாய். நாம் திருப்பும்போது கடலுக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் காரணம்கூடத் தரவில்லை. விமானத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்னாலதானே?"

"இல்ல."

"அப்பறம்?"

"தூங்கு. டெல்லி வந்ததும் எழுப்புதேன்."

பிப்ரவரியிலிருந்து மே வரை நான் உன் வீட்டுக்கு வரவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தாய். வேலை இருக்கிறது என்றேன். என்னைத் தகுதியில்லாதவள் என்று நினைத்துவிட்டு, அதைச் சொல்லக்கூட முடியாமல் மென்று விழுங்குகிறாய் என்று எனக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஜூனில் உன் தம்பி அழைத்து ஆஸ்பத்திரி வார்டு எண்ணைச் சொன்னான். வார்டு வாசலில் வைத்து அவன் சொன்னது: "அக்காவுக்கு வயித்துல கட்டின்னு போன அக்டோபர்லயே ரிப்போர்ட் வந்துட்டு. யார்ட்டயும் சொல்லல. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அக்டோபர். நாம் லங்காவி போனது டிசம்பரில்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சாயாத படகை நீ எடுத்தது எனக்காகவா, சாய்ந்த படுக்கையில் உன் வயிற்று வலி தாங்காது என்பதற்காகவா? தெரிந்தே என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனாய் என்று ஒரு நாள் ஆத்திரம் வரும். அன்று மாலையே, நடுக்கடலில் நான் தனியாக நிற்கும்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் திருப்பினாய் என்று தோன்றும். அப்படியானால் என் தவறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் உள்ளே என்ன யோசித்தாய்? அதற்கு முந்தின நாள் ஏன் திருப்பவில்லை?

ஆகஸ்டில் ஒரு மதியம், நீ கொஞ்சம் தெளிவாக இருந்தபோது கேட்டேவிட்டேன். "வலியாலயா, நான் பண்ணின தப்பாலயா? ஏதாவது ஒண்ணைச் சொல்லேன்டி."

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ரெண்டுல ஒன்னாத்தான் இருக்கணும்னு ஏன் நினைக்க?" என்றாய். பிறகு தண்ணீர் கேட்டாய். செப்டம்பரில் போய்விட்டாய்.

படகின் பயணக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்தேனோ. உன் கையெழுத்தில், "பகல் 12.10. காற்று வடகிழக்கு 14. பாதை மாற்றம்." அவ்வளவுதான். வானிலை அலுவலகக்காரி காரணம் எழுத மாட்டாள், அளவைத்தான் எழுதுவாள்.

இந்த ஏப்ரலில் படகை விற்றோம். உன் தம்பிக்கு வர முடியவில்லை. நான் மட்டும் போர்ட் பிளேர் போய் ஒப்படைத்தேன். வாங்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண் பாய்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "பெருங்கடல் தாண்டிய படகா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "பாதி" என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்த மூன்று நாட்களில் முதல் நாளைப் பற்றி இனி எழுதுகிறேன். அதை நான் வெகுநாள் நினைத்தே பார்க்கவில்லை. அவமானம் என்று மூடி வைத்திருந்தேன். திருப்பிய உடனே நீ, "நான் படுக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். பெஞ்சில் இல்லை, உன் அறையில். நன்றாக இருந்த கடலில் என் காவலில் கண் மூடாதவள், மோசமான கடலில் கதவைச் சாத்தினாய். இரண்டு உடல்களுக்கும் நடுவே புகுந்த அலை தரையில் அடியிலிருந்து இடித்துக்கொண்டே இருந்தது. காற்று பத்தொன்பது தொட்டது. தனியாகப் பாயைக் குறைத்தேன். இந்த முறை ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுப் பார்த்தேன். வடக்கே ஒரு சரக்குக் கப்பல் வந்தது. உன்னை எழுப்பலாமா என்று கதவு வரை போய், திரும்பி வந்து, நானே வழியை மாற்றி அதற்கு இடம் விட்டேன். மறுபடி பாதைக்குக் கொண்டுவந்தேன். மணி ஐந்தே கால் ஆனது. நீ கதவைத் திறந்து வந்தாய். முகம் வீங்கி, தலை கலைந்து, நிஜமாகத் தூங்கியவளின் முகம். பாயைப் பார்த்தாய், கயிறுகளைப் பார்த்தாய், மானியைப் பார்த்தாய். அடுப்பைப் பற்றவைத்து, "சாயா குடிக்கியா?" என்று கேட்டாய்.

என்னை நம்பித் தூங்கினாயா, வலி தாங்காமல் விழுந்து கிடந்தாயா? இரண்டுக்கும் அந்தக் கதவு ஒரே மாதிரிதான் மூடியிருக்கும். இதற்கும் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஐந்து மணி நேரம் நீ தூங்கினாய், நான் படகை ஓட்டினேன். இது ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.